கழகமும் கருவூலமும்

திருக்குறளின் சூது அதிகாரத்தில் வரும் ‘கழகம்’ என்ற சொல்லுக்கு உரையாசிரியர்கள் சூதாடும் இடம் என்றே பொருள் கூறுவர். பின்னாளில் அச்சொல் கற்றோர் கூடும் அவையையும், நம் காலத்தில் கட்சியையும் விளையாட்டுச் சங்கத்தையும் குறிப்பதாயிற்று. பழைய பொருள் உண்மையிலேயே உதிர்ந்துவிட்டதா என்ற ஐயம், அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் கடந்த பத்தாண்டுகளாக நடந்துவருவதைக் கவனிக்கும்போது எழுகிறது. தொழில்முறை விளையாட்டும் சூதும் அங்கே ஒரே கூரையின்கீழ் வந்து சேர்ந்துள்ளன. அக்கூரைக்கான செலவில் கணிசமான பங்கைப் பொதுக் கருவூலம் ஏற்றிருக்கிறது.

அமெரிக்க விளையாட்டுக் கூட்டமைப்புகள் சூதின் நிழல்கூடத் தம்மீது விழலாகாது என்று நெடுங்காலம் சொல்லிவந்தவை. 1919ஆம் ஆண்டின் பேஸ்பால் உலகத் தொடரில் பணம் பெற்றுக்கொண்டு தோற்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட சிகாகோ அணியின் எட்டு வீரர்கள் வாழ்நாள் முழுதும் விலக்கப்பட்டனர். புகழ்பெற்ற பீட் ரோஸுக்கு 1989இல் அதே கதி நேர்ந்தது. அமெரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பான என்.எஃப்.எல்., லாஸ் வேகாஸின் சுற்றுலா விளம்பரத்தைக்கூட 2003ஆம் ஆண்டின் சூப்பர் பௌல் ஒளிபரப்பில் அனுமதிக்கவில்லை. நியூ ஜெர்சி மாநிலம் பந்தயத்தைச் சட்டபூர்வமாக்க முனைந்தபோது, விளையாட்டின் நாணயம் கெடும் என்று கூறி 2012இல் கூட்டமைப்புகள் சேர்ந்து வழக்குத் தொடுத்தன.

அந்தச் சட்டப் போர் முடியுமுன்பே, 2017 மார்ச்சில், ஓக்லண்டின் ரெய்டர்ஸ் அணி லாஸ் வேகாஸுக்கு இடம்பெயர என்.எஃப்.எல். அணி உரிமையாளர்கள் 31க்கு 1 என்ற கணக்கில் இசைவு தந்தார்கள். 2018 மே மாதம் உச்ச நீதிமன்றம் பந்தயத் தடைச் சட்டத்தை நீக்கியது. 2021இல் மூன்று பந்தய நிறுவனங்கள் என்.எஃப்.எல்.லின் அதிகாரபூர்வப் பங்காளிகளாயின. 2024 பிப்ரவரியில் சூப்பர் பௌல் லாஸ் வேகாஸிலேயே நடந்தது.

இதைப் பாசாங்கு என்று சொல்லிக் கடந்துவிடுவது எளிது. என் கவலை அதுவன்று. ஆட்டத்தில் பணயம் வைக்கப்பட்டது யாருடைய பொருள் என்பதே கேட்கவேண்டிய கேள்வி.

2016 அக்டோபரில் நெவாடா சட்டமன்றம் சிறப்புக் கூட்டத் தொடர் ஒன்றில் ரெய்டர்ஸ் அரங்கத்திற்கு 75 கோடி டாலர் பொதுப்பணம் வழங்க ஒப்பியது. இதற்கென விடுதி அறைகளின்மீது கூடுதல் வரி விதிக்கப்பட்டது. இத்திட்டத்தின் முதன்மை ஆதரவாளர் கேசினோ அதிபர் ஷெல்டன் அடெல்சன். தம் பங்காக 65 கோடி டாலர் தருவதாகவும் அறிவித்திருந்தார். அணியோடு கருத்து வேறுபாடு எழவே 2017 ஜனவரியில் விலகிக்கொண்டார். சூதின் நுணுக்கங்களை அவரளவு அறிந்தவர் அந்நகரில் சிலரே. அவர் எழுந்துபோனார், மக்களின் 75 கோடி மேசைமீதே இருந்தது. அரங்கம் பொது அமைப்பின் உடைமை என்பது உண்மைதான். ஆனால் அதை நடத்துவதும் வருவாயைப் பெறுவதும் அணியே.

வரியைச் செலுத்துவோர் சுற்றுலாப் பயணிகள்தாமே, உள்ளூர் மக்களுக்கு என்ன இழப்பு என்று கேட்பவர்கள் உண்டு. அரசு தன் அதிகாரத்தால் திரட்டும் எந்தப் பணமும் பொதுப்பணமே; அரங்கத்திற்குப் போனது பள்ளிக்குப் போகவில்லை. அரங்கம் திறந்த 2020இலேயே பெருந்தொற்றால் விடுதிகள் வெறிச்சோடின. அறை வரி வீழ்ந்து, கடன் தவணைக்குச் சேமநிதியைத் தொடவேண்டி வந்தது. பிறகு வருவாய் மீண்டது என்பதையும் சொல்லியாக வேண்டும். மீண்டிராவிட்டால் சுமை யாருடையது என்பதே கேள்வி.

அதற்கான விடை ஓக்லண்டில் இருக்கிறது. 1995இல் இதே ரெய்டர்ஸ் அணியைத் திரும்ப அழைத்துவருவதற்காக ஓக்லண்ட் நகரமும் அலமீடா மாவட்டமும் ஏறத்தாழ 20 கோடி டாலர் கடன் பெற்று அரங்கத்தை விரிவாக்கின. அணி 2020இல் போய்விட்டது. கடன் போகவில்லை, தவணைகள் அதன் பின்னும் தொடர்ந்தன.

அந்நகரின் பேஸ்பால் அணியும் அதே வழியில் கிளம்பியது. லாஸ் வேகாஸில் ஒரு கேசினோ விடுதி நின்ற மனையில் அரங்கம் கட்ட, 2023 ஜூனில் நெவாடா சட்டமன்றம் 38 கோடி டாலர் வரை ஒதுக்கியது. இம்முறை எதிர்த்து நின்றவர்கள் ஆசிரியர்கள். அரங்கங்களுக்கு முன் பள்ளிகள் என்ற முழக்கத்தோடு, மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தக் கோரி நெவாடா ஆசிரியர் சங்கம் மனு இயக்கம் தொடங்கியது. மனுவின் வாசகத்தில் குறை கண்ட மாநில உச்ச நீதிமன்றம் 2024 மே மாதம் அதைத் தள்ளியது. சட்டப்படி அது சரியாகவே இருக்கலாம். ஆயினும் பணம் வைத்தவனிடம் ஒரு சொல் கேட்காமலே ஆட்டம் தொடர்ந்தது என்பது மாறவில்லை.

தன் பொருளை வைத்து ஆடுபவனைப் பற்றி ஒழுக்க நூல்கள் நிறையவே சொல்லியிருக்கின்றன. பிறர் பொருளை வைத்து ஆடி, வென்றால் தனக்கும் தோற்றால் பிறருக்கும் என்று ஒப்பந்தம் எழுதிக்கொள்பவனை அவை கற்பனை செய்திருக்குமா என்று தெரியவில்லை. பொது உதவியால் கட்டப்படும் அரங்கங்கள் நகரத்திற்குப் போட்ட முதலைத் திருப்பித் தருவதில்லை என்பதில், எதிலும் ஒத்துப்போகாத பொருளியலாளர்களே பெரும்பாலும் ஒத்துப்போகிறார்கள். மாற்று வழி இல்லாமலும் இல்லை. 2019இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் திறக்கப்பட்ட வாரியர்ஸ் கூடைப்பந்து அரங்கம் தனியார் முதலில் எழுந்தது.

பொதுப்பணம் தந்தே தீரவேண்டுமெனில் மூன்று நிபந்தனைகளாவது வேண்டும்: முன்கூட்டியே மக்கள் வாக்கெடுப்பு, பந்தய நிறுவனங்கள் தரும் விளம்பரப் பணம் உட்பட வருவாயில் நகரத்திற்கும் பங்கு, வெளியேறும் அணி எஞ்சிய கடனை அடைத்துவிட்டே செல்லவேண்டும் என்ற விதி. இவற்றை ஏற்க மறுக்கும் உரிமையாளர், தம் ஆட்டத்தின்மீது தமக்கே நம்பிக்கையில்லை என்று ஒப்புக்கொள்கிறார். அவருக்கே இல்லாத நம்பிக்கையை நகரம் ஏன் கடன் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்?