ஒரு மழைக்காலம் தாங்கட்டும்!

செல்போன் சிக்னல் ஆடம்பரமாக இருந்த காலம் மலையேறிவிட்டது. குன்னூர் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயன்களில் குடியிருக்கும் தொழிலாளிக்கு அது இன்று அரிசியோடும் கூலியோடும் சேர்ந்துவிட்ட விஷயம். 2020-ல் ரேஷன் கடைக்குக் கைரேகை யந்திரம் வந்தது. சிக்னல் படுத்தால் க்யூவும் படுக்கிறது. பி.எப். பணம் ஏறியதா என்று பார்க்கவும் செல்போனைத்தான் நீட்ட வேண்டும். 2023 ஜனவரியில் நூறு நாள் வேலைக்குப் போட்டோ எடுத்து அனுப்பித்தான் ஆஜர் காட்ட வேண்டும் என்று டில்லி கட்டாயமாக்கிற்று. மண் வெட்டியவளின் கூலிக்குச் சிக்னல் ஜாமீன் நிற்கவேண்டியதாயிற்று. அதற்கு முன், பள்ளிக்கூடங்கள் பூட்டிக் கிடந்த மாதங்களில், பாடம் கேட்பதற்காக மலைவாசிக் குழந்தைகள் மேட்டிலும் பாறையிலும் ஏறி உட்கார்ந்த காட்சியை யாரும் மறந்திருக்க முடியாது.

டவர்கள் இல்லாமல் இல்லை. ரோட்டை ஒட்டியும் ஓட்டல்களை ஒட்டியும் நிற்கின்றன. மேட்டில் நின்றால் மூன்று கோடு. லயன் வாசலுக்கு இறங்கினால் ஒன்றுமில்லை. ஐம்பது குடும்பத்துக்காகப் பள்ளத்தில் ஒரு டவர் நட்டால் கம்பெனிக்குக் கட்டாதாம். 2024 ஜூலையில் கட்டணத்தை உயர்த்த மட்டும் கட்டிற்று!

இதற்கு மாற்றாக ஒரு வழி பேசப்படுகிறது. கிராமப் பஞ்சாயத்துகளுக்குக் கண்ணாடி இழை கொண்டுவரும் திட்டத்தை மத்திய சர்க்கார் 2011-ல் ஏற்றது. பின்னர் அதற்குப் பாரத்நெட் என்று பெயர். தமிழ்நாட்டில் 12,525 பஞ்சாயத்துகள் இதன் கணக்கில் உள்ளன. பஞ்சாயத்து ஆபீஸ் வரை வரும் இழையிலிருந்து, ஒன்றையொன்று பார்க்கும்படி சின்னச் சின்ன வைஃபை பெட்டிகளை நட்டு லயன் வரை கொண்டுபோகலாம் என்பதே அந்த வழி. அலைவரிசைக்கு லைசென்ஸ் வேண்டியதில்லை. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை 2005 ஜனவரியில் விடுவிக்கப்பட்டது. 5 கிகாஹெர்ட்ஸின் பெரும்பகுதி 2018 அக்டோபரில் விடுவிக்கப்பட்டது. ஸ்பெயின் நாட்டின் கடலோனியாவில் கம்பெனிகள் எட்டிப் பாராத கிராமங்களின் மக்கள் 2004-ல் இப்படித் தொடங்கியதுதான் குய்ஃபி வலை. இன்று அதில் பல்லாயிரம் முனைகள் உண்டு.

பெட்டிக்குள் ஓடும் மென்பொருள் யாருடையது என்பதே அடுத்த கேள்வி. 2002 கடைசியில் அமெரிக்காவில் லிங்க்ஸிஸ் என்ற கம்பெனி ஒரு வைஃபை பெட்டியை விற்பனைக்கு விட்டது. உள்ளே ஓடியது பொதுமக்கள் சொத்தான லினக்ஸ் என்பதை விஷயம் தெரிந்தவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். அந்த மென்பொருளின் உரிமப்படி, அதை எடுத்து விற்பவன் அதன் மூலத்தை வாங்கியவர்களுக்குக் கொடுத்தாக வேண்டும். வற்புறுத்தலுக்குப் பிறகு 2003-ல் கம்பெனி வெளியிட்டது. அதை வைத்து 2004-ல் பிறந்ததுதான் ஓப்பன்-டபிள்யு-ஆர்-டி என்னும் திறந்த மென்பொருள். உலகின் பல தேசங்களில் உள்ளவர்கள் திருத்தித் திருத்தி வளர்த்தது. யாரும் படிக்கலாம், மாற்றலாம். பழுது வந்தால் கம்பெனி ஏஜெண்டுக்காக வாசலில் காத்துக் கிடக்க வேண்டியதில்லை.

நல்ல சங்கதிதான். ஆனால் திறந்த மென்பொருள் என்ற ஒரே காரணத்துக்காக நாம் மாலை போட்டுவிடப் போவதில்லை. மில் தொழிலாளிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. புதிய ரிங் பிரேமை ஓட்டிக் காட்டும் நாளில் நூல் அறுவதே இல்லை. முதலாளி நிற்பார், மானேஜர் நிற்பார், விற்ற கம்பெனியின் ஆள் எண்ணெய்க் குப்பியோடு நிற்பான். ஆறு மாதம் கழித்து நைட் ஷிப்டில், பஞ்சும் தூசியும் அடைத்து, கரண்டு ஏறி இறங்கும்போது இழை எப்படி அறுகிறது என்பது சைடு பார்க்கிறவருக்குத்தான் தெரியும். வைஃபை பெட்டியும் அப்படியே. திறப்பு விழா அன்று மந்திரி பேசுவதைப் படத்தோடு காட்டும். நினைவகத்தில் சிறு ஓட்டை இருந்தால் நாற்பதாம் நாள் மூச்சு நின்று போகும். அன்று அங்கே மந்திரி இருக்கமாட்டார்.

தேனியில் நடந்ததைக் கவனிக்க வேண்டும். அரவிந்த் கண் மருத்துவமனை 2006 வாக்கில், சுற்றுவட்டக் கிராமங்களில் சிறு கண் மையங்களைத் திறந்து, அவற்றைத் தேனி ஆஸ்பத்திரியோடு தூர வைஃபையால் இணைத்தது. கிராமத்துக் கிழவி தன் ஊரிலேயே உட்கார, டாக்டர் தேனியிலிருந்து அவள் கண்ணைப் பார்த்தார். பஸ் கூலி மிச்சம். ஒரு நாள் வேலை மிச்சம். இதற்கான மென்பொருளைச் செய்தவர்கள் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தார். வீட்டுக்குள் பேசவென்று அமைத்த வைஃபை, ஒவ்வொரு செய்திக்கும் 'வந்தது' என்ற பதிலைக் கண் சிமிட்டும் நேரத்தில் எதிர்பார்க்கும். பல கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து பதில் தாமதித்தால் தொலைந்ததாக எண்ணி மறுபடி அனுப்பித் திணறும். ஆளுக்கு ஆள் முறை வைத்துப் பேசும்படி அவர்கள் அதை மாற்றினார்கள். மாதம் 3,000 நோயாளிகள் வரை இந்த வழியில் பார்க்கப்பட்டார்கள்.

நம்மைக் கவர்ந்தது அந்த எண்ணிக்கையைவிட, அவர்கள் 2008-ல் தங்கள் தோல்விகளைப் பகிரங்கமாக எழுதிவைத்த நேர்மைதான். நாட்டுப்புறத்தில் வைக்கும் இத்தகைய அமைப்புகளில் பெரும்பாலானவை வெள்ளோட்டத்தைத் தாண்டுவதே இல்லை என்று ஒப்புக்கொண்டார்கள். அலையைவிட அதிகம் தொல்லை கொடுத்தது கரண்டு. திடீரென்று எகிறும் வோல்ட்டேஜ் பெட்டிகளை எரித்தது. நினைத்தபோதெல்லாம் கரண்டு நின்றதால், எழுதிக்கொண்டிருந்த பாதியில் சேமிப்பு அட்டை கெட்டது. கெட்டது எது என்று சொல்ல உள்ளூரில் ஆள் இல்லை. வெளியூர் நிபுணர் எட்டிப் பார்க்கவோ அந்த வலையே வழி, அதுதான் அறுந்து கிடந்ததே! பிறகு, பெட்டி உறைந்தால் தானாக எழுப்பும் காவல் சுற்றையும், பாட்டரி ஒரு மட்டத்துக்குக் கீழே போனால் துண்டிக்கும் சுற்றையும் சேர்த்தார்கள். உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். இமயமலை அடிவாரத்துத் தர்மசாலாவில், 10,000 பேருக்கு வலை போட்ட ஏர்ஜால்டி அமைப்பினரின் அனுபவமும் அந்த எழுத்தில் உண்டு. அது குன்னூரைப் போல மலைநாடு. இடியும் உண்டு, குரங்கும் உண்டு.

குன்னூருக்கு வருவோம். ஆனி ஆடியில் கூடலூர் பக்கம் கொட்டும் மழை இங்கே அந்த அளவுக்கு எட்டுவதில்லை. குன்னூருக்கு ஐப்பசி கார்த்திகைதான் அடைமழை. 2009 நவம்பரில் மண் சரிந்து ஜில்லாவில் நாற்பதுக்கு மேற்பட்டோர் மாண்டது அந்த மழையில்தான். ரோடு அறுந்து லயன் தனித்து நிற்கும் அப்படிப்பட்ட இரவில்தான் தொடர்பு வேண்டும். ஆகவே மாசி பங்குனி வெயிலில் மூன்று வாரம் ஓட்டிவிட்டு 'வெற்றி' என்று ரிப்போர்ட் எழுதுவதை நாம் ஏற்க முடியாது. மூடுபனி இந்த அலையை அவ்வளவாகத் தடுப்பதில்லை. நனைந்த சில்வர் ஓக் தழை தடுக்கும். கோடையில் கிளை கழித்த மரம் அடுத்த வருஷம் பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவே தழைத்து நிற்கும். ஒரு முழு ஆண்டு ஓடினால்தான் இதெல்லாம் தெரியும்.

வேண்டுமென்றே கெடுத்தும் பார்க்க வேண்டும். புதிய பதிப்பை ஏற்றிக்கொண்டிருக்கும் பாதியில் கரண்டைப் பிடுங்க வேண்டும். பெட்டி பழைய பதிப்பில் எழுந்து நிற்கிறதா, செத்துக் கிடக்கிறதா? நடுவிலுள்ள ஒரு பெட்டியை அணைத்தால் மற்றவை வேறு வழி தேடிக்கொள்கின்றனவா? கொழுந்து நிறுத்து முடிந்த மாலை நேரத்தில் நாற்பது செல்போன்கள் ஒரே சமயம் ஏறும்போது என்ன ஆகிறது? இதைச் சோதனைச்சாலையில் ஊகித்துக்கொண்டிருக்க வேண்டாம். லயனில் ஆறு மணிக்கு வந்தால் போதும்.

திறந்த மென்பொருளிலும் ஒரு குறை உண்டு, மறைப்பானேன்? 'நிலைப்பதிப்பு' என்று பெயர் பெற்றாலும் அதற்கும் ஆயுசு உண்டு. சில ஆண்டுகளில் அதற்குத் திருத்தங்கள் வருவது நின்றுவிடும். 4 மெகாபைட் சேமிப்பும் 32 மெகாபைட் நினைவகமும் கொண்ட மலிவுப் பெட்டிகளுக்கு 2020-ல் வந்த 19.07 பதிப்போடு கதவு சாத்தப்பட்டது. ஏழை மலிவானதைத்தானே வாங்குவான்! கூலியை மிச்சம் பிடித்து வாங்கிய பெட்டி மூன்றாம் வருஷம் காயலான் கடைக்குப் போகாதபடி, எந்தப் பெட்டியை வாங்குவது, எத்தனை ஆண்டு திருத்தம் கிடைக்கும், இரண்டாவது உதிரிப் பெட்டி எங்கே இருக்கும் என்பதெல்லாம் முதலிலேயே தீர்மானிக்கப்பட வேண்டும்.

நமது கோரிக்கை பெரிதல்ல. குன்னூர் வட்டாரத்தில் பஞ்சாயத்து இழை வந்து சேர்ந்துள்ள ஓரிடத்திலிருந்து இரண்டு மூன்று லயன்களுக்கு இந்த வலையைப் போட்டு, சர்க்கார் செலவில் ஓராண்டு சோதிக்க வேண்டும். கண்காணிக்கும் கமிட்டியில் தோட்டத் தொழிலாளர் பிரதிநிதிகள், அதிலும் பெண்கள், இருக்க வேண்டும். ஐ.டி.ஐ. படித்துவிட்டு வேலையில்லாமல் திருப்பூருக்கு பஸ் ஏறும் நம் பிள்ளைகளில் நாலு பேருக்குச் சம்பளம் கொடுத்துப் பராமரிப்பைக் கற்றுத்தர வேண்டும். எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்தப் பெட்டி படுத்தது, யார் எழுப்பினார்கள் என்ற கணக்கைத் தமிழில் எழுதிப் பெரட்டுக் களத்தில் மாட்ட வேண்டும். வரும் ஐப்பசிக்கு முன் பெட்டிகளை ஏற்றினால், அதற்கடுத்த ஐப்பசியில் அந்தக் கணக்கை எல்லோரும் நின்று படிக்கலாம்.