காலைல என்ன சாப்பிட்ட?

எங்க அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்ல நேத்து ஒரு மெசேஜ். "புள்ளைக்கு காலைல ரெண்டு இட்லி குடுக்க வக்கில்லாதவங்க எதுக்குப் பெத்துக்கிறாங்க? நம்ம வரிப்பணத்துல சோறு போட்டு சோம்பேறி ஆக்குறாங்க." அதுக்குப் பதினாறு பேர் தம்ஸ் அப் போட்டிருந்தாங்க. அதுல ரெண்டு பேர் டாக்டர்கள். அதனாலதான் இந்த நீளமான த்ரெட். கொஞ்சம் கோபமாத்தான் எழுதுறேன், பொறுத்துக்கங்க.

போன மாசம் என் ஓபிக்கு ஒரு பையன் வந்தான். ஆறாம் வகுப்பு. பிரேயர்ல நிக்கும்போது ரெண்டு தடவை மயங்கி விழுந்திருக்கான். "வலிப்பா இருக்கும், டாக்டர்கிட்ட காட்டி எழுதி வாங்கிட்டு வா"ன்னு ஸ்கூல்ல அனுப்பிட்டாங்க. அம்மா ஒருநாள் கூலியை விட்டுட்டு வந்திருந்தாங்க. "தலைக்கு ஸ்கேன் எடுக்கணுமா சார், எவ்வளவு ஆகும்?" இதுதான் அவங்க கேட்ட முதல் கேள்வி.

நான் பையன்கிட்ட கேட்டேன்: காலைல என்ன சாப்பிட்ட?

"டீ."

நேத்து காலைல?

அம்மாவைப் பார்த்தான். பதில் சொல்லல.

வலிப்புக்கான அறிகுறி ஒண்ணும் இல்ல. ஹீமோகுளோபின் 8.6. போன வருஷம் இப்படி மயக்கம் வந்துச்சான்னு கேட்டேன். இல்லையாம். போன வருஷம் அவன் அஞ்சாவது.

புரியுதா? முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர்ல தொடங்கி, 2023 ஆகஸ்ட்ல எல்லா அரசு தொடக்கப் பள்ளிகளுக்கும் போச்சு. ஆனா 1 முதல் 5-ஆம் வகுப்பு வரைதான். அஞ்சாவது முடிச்ச கோடை லீவுல வயிறு மட்டும் பசிக்காமப் போயிடுமா?

இப்போ கொஞ்சம் உடற்கூறு. பெரியவங்க மூளை, உடம்பு ஓய்வில் செலவழிக்கும் சக்தியில சுமார் அஞ்சில் ஒரு பங்கை எடுத்துக்குது. அஞ்சு வயசுக் குழந்தைக்கு அது பாதிக்கும் மேல. முந்தின ராத்திரி ஏழு மணிக்குச் சாப்பிட்டுட்டு, மறுநாள் மதியம் வரைக்கும் டீயோட உக்காந்திருக்கிற பையன்கிட்ட பின்னம் கணக்கு சொல்லிக்குடுத்தா அது எங்க போய் ஒட்டும்? அவனுக்கு நாம வைக்கிற பேரு "மக்கு". இரும்புச்சத்துக் குறைவும் அப்படித்தான். ரத்தசோகைன்னு ரிப்போர்ட்ல தெரியறதுக்கு முன்னாடியே கவனமும் ஞாபகமும் அடிவாங்க ஆரம்பிச்சிடும். தேசிய குடும்ப நல ஆய்வின் அஞ்சாவது சுற்றுப்படி, நம்ம தமிழ்நாட்டுலயே அஞ்சு வயசுக்குட்பட்ட குழந்தைகள்ல பாதிக்கும் மேல ரத்தசோகை. நாலுல ஒரு குழந்தை வயசுக்கேத்த உயரம் இல்ல. இந்தியாவுல பல மாநிலங்களைவிட நல்லா இருக்கிற மாநிலத்தோட லட்சணம் இது!

"சரி டாக்டர், அம்மா அப்பாவுக்குப் பொறுப்பு வேண்டாமா?"

வேணும். ஆனா பணமுடை மூளையை என்ன பண்ணும்னு தெரிஞ்சுக்கிட்டுப் பேசுங்க. 2013-ல 'சயின்ஸ்' இதழ்ல வந்த ஓர் ஆய்வு, நம்ம ஊர்க் கரும்பு விவசாயிகளை வச்சுப் பண்ணது. அறுவடைக்கு முன்னாடி கையில காசில்லாதபோது ஒரு தேர்வு, அறுவடை முடிஞ்சு காசு வந்தப்புறம் ஒரு தேர்வு. அதே ஆள், அதே தலை. காசு வந்தப்புறம் நல்லா பண்ணினாங்க. இன்னிக்குக் கந்துக்காரன் வந்தா என்ன சொல்றதுன்னு யோசிக்கிற தலையில, புள்ளையோட அயர்ன் மாத்திரைக்கு எவ்வளவு இடம் மிச்சம் இருக்கும்?

அப்பன் குடிக்கிறானேன்னு அடுத்து வருவீங்க. குடிக்கிறான்தான். அதுக்குத் தண்டனை புள்ளையோட வயித்துக்கா?

வரிப்பணத்துக்கு வருவோம். உங்க புள்ளை ஸ்கூல் ஃபீஸுக்கு 80சி-யில கழிவு வாங்குனீங்கல்ல? வீட்டுக்கடன் வட்டிக்கும் வாங்குனீங்க. அதுக்குப் பேரு சலுகை. அவன் தட்டுல விழுற பொங்கல் சாம்பாருக்குப் பேரு இலவசம். நானே அரசு மருத்துவக் கல்லூரில படிச்சவன். என் எம்பிபிஎஸ் படிப்புக்கு ஊர்க்காசு எவ்வளவு செலவாச்சுன்னு தெரியும். அந்தத் தம்ஸ் அப் போட்ட டாக்டர்கள்ல ஒருத்தர் என் கிளாஸ்மேட். உங்க யாரையாவது அது சோம்பேறி ஆக்குச்சா சார்?

சோம்பேறிக் கதை புதுசு ஒண்ணும் இல்ல. 1920-ல மெட்ராஸ் மாநகராட்சிப் பள்ளியில மதிய உணவு போட்டாங்க. காமராஜர் காலத்துல அது மாநிலம் முழுக்கப் போச்சு. 1982-ல எம்.ஜி.ஆர். சத்துணவு ஆக்கினார். அப்பவும் கஜானா காலியாகும்னு சொன்னாங்க. 2021-ல 'நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்' இதழ்ல வந்த ஆய்வைப் படிங்க: பள்ளியில மதிய உணவு சாப்பிட்டு வளர்ந்த பெண்கள் பின்னாடி பெத்த குழந்தைகள்கிட்ட உயரக் குறைபாடு குறைவா இருந்திருக்கு. அம்மா காலத்துத் தட்டு புள்ளை எலும்புல தெரியுது.

சாப்பாடு மட்டும் போதும்னு நான் சொல்லல. வாடகை, கடன், அடி, தூக்கம் இல்லாத வீடுன்னு எத்தனையோ இருக்கு, ஓபியில அஞ்சு நிமிஷத்துல அதெல்லாம் என்னால தீர்க்க முடியாது. ஆனா பொங்கலை நீட்டிக்க ஓர் அரசாணை போதும். 6 முதல் 10 வரைக்கும் காலை உணவு வேணும். ரெண்டு வயசுக்குக் கீழ இருக்கிற குழந்தைகளுக்கு அங்கன்வாடி சத்துமாவு போய்ச் சேருதான்னு வீடு வீடா யாராவது பார்க்கணும். இதைக் கேட்டு உங்க எம்.எல்.ஏ.வுக்கு எழுதுங்க. அந்தக் குரூப்ல தம்ஸ் அப் போட்ட பதினாறு பேரும் எழுதலாம்.

அந்தப் பையன் போகும்போது ஒரு விஷயம் சொன்னான். தங்கச்சி மூணாவது. அம்மா விடியக்காலைல வேலைக்குப் போயிடுறதால, இவன்தான் கூட்டிட்டுப் போய் அவ ஸ்கூல்ல விடணும். அவ சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் கேட்டுக்கு வெளியே நிப்பானாம். அப்புறம் அவன் ஸ்கூலுக்கு நடக்கணும்.

"உனக்குக் கொஞ்சம் குடுக்க மாட்டாங்களா?"ன்னு கேட்டேன்.

"கேட்டா குடுப்பாங்க சார். ஆனா நான் இப்ப ஆறாவதுல்ல."