ஹார்டு டிஸ்க் வாங்கிட்டா பேக்கப் ஆயிடுமா? தென்கொரிய தீ விபத்து சொல்லும் பாடம்

தென்கொரியாவின் டேஜியான் நகரில் உள்ள அரசு தரவு மையத்தில் 2025 செப்டம்பர் 26-ம் தேதி தீப்பிடித்தது. லித்தியம் அயான் பேட்டரியில் தொடங்கிய தீ, அரசு ஊழியர்கள் கோப்புகளைச் சேமித்து வந்த 'ஜி-டிரைவ்' அமைப்பை அழித்தது. 858 டெராபைட் தரவு பறிபோனது. அளவு மிகப் பெரிது என்பதால் வேறு இடத்தில் நகல் வைக்கப்படவில்லை என்பதுதான் காரணமாகச் சொல்லப்பட்டது.

ஒரு அரசாங்கத்துக்கே இந்த கதி. அப்போ கல்யாண வீடியோ, குழந்தையின் பிறந்தநாள் போட்டோ, வீட்டுப் பத்திர ஸ்கேன் எல்லாத்தையும் ஒரே கம்ப்யூட்டரில் வைத்திருக்கும் நம் நிலை என்ன?

எது பேக்கப் இல்லை?

கம்ப்யூட்டரில் இடம் நிரம்பியதும் எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க் வாங்கி, போட்டோக்களை 'கட்' செய்து அதில் 'பேஸ்ட்' பண்ணிவிடுகிறோம். இது பேக்கப் இல்லை, வெறும் இடமாற்றம். முன்பு கம்ப்யூட்டரில் இருந்த ஒரே பிரதி, இப்போது டிஸ்கில் இருக்கிறது. அவ்வளவுதான். சாதாரண ஹார்டு டிஸ்குக்குள் தட்டு ஒன்று வேகமாகச் சுழலும். ஓடும்போது கீழே விழுந்தால் கதை முடிந்தது.

எப்பவும் சொருகியே வைக்கலாமா?

கூடாது. 2017 மே மாதம் 150-க்கும் மேற்பட்ட நாடுகளைத் தாக்கிய 'வான்னாக்ரை' வைரஸ், கோப்புகளைப் பூட்டிவிட்டு 300 டாலர் கேட்டது. இந்த வகை ரேன்சம்வேர் கம்ப்யூட்டரோடு நிற்காது. அதில் சொருகியிருக்கும் ஹார்டு டிஸ்கையும் சேர்த்தே பூட்டிவிடும். மின்னழுத்தம் திடீரென எகிறினாலும் இரண்டும் ஒன்றாகப் போக வாய்ப்பு உண்டு.

கிளவுடில் இருக்கே, போதாதா?

கிளவுட் நல்லதுதான். ஆனால் பல சேவைகள் செய்வது 'சிங்க்' மட்டுமே. கம்ப்யூட்டரில் ஒரு கோப்பை அழித்தால் அங்கேயும் அழியும். கூகுள் டிரைவில் அழித்த கோப்பு 30 நாள் வரை குப்பைத் தொட்டியில் இருக்கும். அதற்குள் கவனிக்காவிட்டால் மீட்பது கஷ்டம்.

சரி, என்ன செய்யணும்?

நிபுணர்கள் சொல்வது 3-2-1 விதி. அதாவது மூன்று பிரதிகள், இரண்டு வகை சாதனங்கள், அதில் ஒன்று வீட்டுக்கு வெளியே. வீட்டுக்கு இதை எளிமையாக்கினால்:

* கம்ப்யூட்டரில் அசல் அப்படியே இருக்கட்டும். 'கட்' வேண்டாம், 'காப்பி' செய்யுங்கள்.
* விண்டோஸில் 'ஃபைல் ஹிஸ்டரி', மேக்கில் 'டைம் மெஷின்' வசதிகள் இலவசமாகவே உள்ளன. முதல் முறை நேரம் எடுக்கும். அடுத்த முறையிலிருந்து மாறிய கோப்புகளை மட்டும் சேர்த்துக்கொள்ளும்.
* வாரம் ஒருமுறை டிஸ்கை இணையுங்கள். பேக்கப் முடிந்ததும் 'எஜெக்ட்' கொடுத்து கழற்றி, பீரோவில் வையுங்கள்.
* முக்கியமானவற்றை மட்டும் இன்னொரு டிஸ்கில் போட்டு உறவினர் வீட்டில் வைக்கலாம். கிளவுடிலும் ஏற்றலாம்.

கடைசியாக, பலர் மறக்கும் ஒன்று. சில மாதங்களுக்கு ஒருமுறை அந்த டிஸ்கை வேறொரு கம்ப்யூட்டரில் சொருகி, நாலு போட்டோவைத் திறந்து பாருங்கள். திறக்கவில்லை என்றால், அசல் கையில் இருக்கும்போதே வேறு டிஸ்குக்கு மாறிவிடலாம்.