சேஸிஸ் கம்பெனியுடையது, கேபின் யாருடையது?

ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி, தர்மபுரி, சேலம் வழியாக நாமக்கல் போகும் சாலையில் அடிக்கடி கண்ணில் படும் சமாச்சாரம் ஒன்று உண்டு. ஒரு இன்ஜின், சக்கரங்கள், பின்னால் நீளமாக இரண்டு இரும்புச் சட்டங்கள். கதவு கிடையாது, கூரை கிடையாது. முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு ஒரு டிரைவர் வெட்டவெளியில் உட்கார்ந்து அந்த எலும்புக்கூட்டை ஓட்டிக்கொண்டு போவார். பல லாரிகளைக் கம்பெனி விற்பதே இந்த நிலையில்தான். மீதியெல்லாம் நாமக்கல் பட்டறையில்.

கூண்டு கட்டும் தொழில் என்று ஊரில் சொல்வார்கள். தச்சர், டிங்கர், வெல்டர், பெயிண்டர், எலக்ட்ரீஷியன், குஷன் தைப்பவர் என்று ஒரு வண்டிக்குப் பல கைகள் வேலை செய்யும். வண்டி அசாம் போகுமா, ஈரோட்டோடு திரும்பிவிடுமா? டிரைவர் உயரமா, குள்ளமா? கிளீனர் எங்கே படுப்பார்? ஸ்டவ் எங்கே, அரிசி டப்பா எங்கே, சாமி படம் எங்கே, ஓனர் பெண்ணின் பெயர் எந்த மூலையில்? இதெல்லாம் சேஸிஸ் செய்த இன்ஜினியருக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. வாரக்கணக்கில் அதற்குள்ளேயே குடியிருக்கப் போகிறவருக்குத்தான் தெரியும்.

இதைச் சொல்லக் காரணம், வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட். என்னடா சம்பந்தம் என்று கேட்பவர்கள் கொஞ்சம் பொறுக்கவும்.

2004 நவம்பர் 23ல் பிளிஸார்ட் நிறுவனம் இந்த விளையாட்டை வெளியிட்டபோது திரை ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. கீழே பட்டன் வரிசை, அதன் இரு முனையிலும் இரண்டு கழுகுச் சிங்கங்கள், இடது மேல்மூலையில் முகம், வலது மேல்மூலையில் குட்டி வரைபடம். ஆனால் அந்தப் பட்டன்களையும் பெட்டிகளையும் கம்பெனி ஒரு ரகசியப் பெட்டிக்குள் பூட்டிவைக்கவில்லை. லுவா என்ற சிறிய மொழியிலும் எக்ஸ்எம்எல்லிலும் எழுதி, விளையாடுபவர்களும் அதே மொழியில் எழுதிச் சேர்க்கலாம் என்று விட்டுவிட்டது. (லுவா 1993ல் பிரேசிலில், ரியோ டி ஜெனிரோவின் ஒரு பல்கலைக்கழகத்தில் பிறந்தது. பெயருக்கு அர்த்தம் நிலா.) விளையாட்டு இருக்கும் இடத்தில் இண்டர்ஃபேஸ் என்றொரு ஃபோல்டர், அதற்குள் ஆட்-ஆன்ஸ் என்றொரு ஃபோல்டர். யாரோ எழுதிய நாலு கோப்புகளை அதில் போட்டால் திரை மாறிவிடும். சேஸிஸ் அவர்களுடையது, கூண்டு இவர்களுடையது. நாமக்கல்காரருக்கு இதற்கு மேல் விளக்கவுரை தேவைப்படாது.

விளையாடாதவர்கள் இதையெல்லாம் அலங்காரம் என்றுதான் நினைப்பார்கள். ரோஸ் கலர் பார்டர், கலர் கலரான பெட்டி, அவ்வளவுதானே? இல்லை. சேலத்தில் உட்கார்ந்து விளையாடுபவரை எடுத்துக்கொள்ளுங்கள். இந்த விளையாட்டுக்கு இந்தியாவில் சர்வர் என்றைக்கும் இருந்ததில்லை. ஐரோப்பாவுக்கோ அமெரிக்காவுக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ போய்த்தான் விளையாட வேண்டும். பட்டனை அமுக்கினால் சேதி கடல் தாண்டிப் போய்த் திரும்ப வேண்டும், அதற்குள் ராட்சசன் அடித்துவிட்டுப் போய்விடுவான். குவார்ட்ஸ் என்று ஒரு ஆட்-ஆன் இருந்தது. மந்திரம் முடிவதைக் காட்டும் பட்டையின் கடைசியில் சிவப்பாக ஒரு துண்டை வரைந்துவிடும். அந்தச் சிவப்பின் அகலம்தான் அந்தத் தாமதம். பட்டை சிவப்பைத் தொட்டவுடன் அடுத்த மந்திரத்தை அமுக்கிவிடலாம், முடியும்வரை காத்திருக்க வேண்டாம். சர்வருக்குப் பக்கத்து ஊரில் இருப்பவனுக்கு இது இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். டயல்-அப்பிலிருந்து அப்போதுதான் பிராட்பேண்டுக்கு வந்த ஊர்களுக்கு அது மூக்குக்கண்ணாடி. கலிபோர்னியாவில் உட்கார்ந்து திரையை வடிவமைப்பவருக்கு அந்தச் சிவப்புத் துண்டின் அருமை எப்படித் தெரியும்?

இதை எழுதிக்கொடுத்த ஆட்களுக்குக் கம்பெனி ஒரு பைசா கொடுக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். குவெஸ்ட்ஹெல்பர் என்றொரு ஆட்-ஆன், அடுத்து எங்கே போக வேண்டும் என்று அம்புக்குறி போட்டு வழிகாட்டியது. ஏகப்பட்ட பேர் போட்டுக்கொண்டார்கள். 2009 மார்ச்சில் பிளிஸார்ட் ஒரு சட்டம் போட்டது. ஆட்-ஆன் இலவசமாகத்தான் தரப்பட வேண்டும், விளையாட்டுக்குள் விளம்பரம் கூடாது, நன்கொடை கேட்கக் கூடாது, எழுதிய நிரல் எல்லோரும் படிக்கும்படி இருக்க வேண்டும். காசு வாங்கிக்கொண்டு கொடுத்த கார்பனைட்டும் இலவசமானது. அதே ஆண்டு டிசம்பரில் வந்த 3.3 பதிப்பில், எந்தப் பணி எங்கே என்று கம்பெனியின் சொந்த வரைபடமே காட்ட ஆரம்பித்தது! அதற்கு முன்பே, யார் மேல் ராட்சசனுக்குக் கோபம் அதிகம் என்று கணக்குப் போடும் வேலையும், உடை மாற்றும் வேலையும் இப்படித்தான் உள்ளே போயின. பட்டறைக்காரர் கண்டுபிடித்த மடக்குப் படுக்கையை அடுத்த மாடலில் கம்பெனியே பொருத்தி விற்பது போல. தப்பு என்று ஒரேயடியாகச் சொல்ல முடியாது, எல்லோருக்கும் கிடைத்ததே. ஆனால் பட்டறைக்காரர் கூலி வாங்கிக்கொண்டுதான் கூண்டு கட்டுகிறார். இங்கே கூலியும் கேட்கக் கூடாது, யோசனையையும் கொடுத்துவிட வேண்டும் என்றால் அது கொஞ்சம் ஓவர்.

சரி, ஆட்-ஆன் எழுதுபவர்கள் எல்லாம் தியாகிகளா? அதுவும் கிடையாது.

டிகர்சிவ் கதையைப் பாருங்கள். 40 பேர் சேர்ந்து மோல்டன் கோர் குகைக்குள் போகும் காலம். சாபம் விழுந்தவர் யார் என்று பார்த்து, அவரைத் தேர்ந்தெடுத்து, சரியான மந்திரத்தைப் போட வேண்டியது வைத்தியர் வேலை. டிகர்சிவ் வந்தபின் ஒரே பட்டனைத் திரும்பத் திரும்ப அமுக்கினால் போதும், ஆளையும் மந்திரத்தையும் அதுவே பார்த்துக்கொள்ளும். விளையாடுவது ஆளா, ஆட்-ஆனா? 2006 டிசம்பரில் வந்த 2.0 பதிப்பில் பிளிஸார்ட் இதற்கு முடிவு கட்டியது. சண்டை நடக்கும்போது யாரை, எதனால் என்ற முடிவை மனிதன்தான் எடுக்க வேண்டும், ஆட்-ஆன் எடுக்கக் கூடாது. 2010ல் ஏவிஆர் என்றொரு ஆட்-ஆன் தரையிலேயே வட்டம் போட்டு இங்கே நில், அங்கே ஓடு என்று காட்டியபோது அதையும் செயலிழக்கச் செய்தார்கள்.

இது சரியான முடிவுதான். லாரிக்குள் எத்தனை பூமாலை வேண்டுமானாலும் தொங்கட்டும், ஆனால் பல ராகம் பாடும் ஏர்ஹாரன் கூடாது என்கிறது மத்திய மோட்டார் வாகன விதி 119. (யார் கேட்கிறார்கள் என்பது வேறு விஷயம்.) ஏனென்றால் பூமாலை உள்ளே இருப்பவருக்கு, ஹாரன் வெளியே போகிறவருக்கு. திரையை மாற்றுவது ஒன்று, மற்றவர்களோடு சேர்ந்து ஆடும் ஆட்டத்தையே மாற்றுவது வேறொன்று.

கியர்ஸ்கோரும் இந்த இரண்டாவது வகைதான். போட்டிருக்கும் கவசம், வாள் எல்லாவற்றையும் கூட்டி ஒருவருக்கு ஒரே ஒரு எண் கொடுக்கும் ஆட்-ஆன். அப்புறம் என்ன, இத்தனைக்குக் கீழே இருப்பவர் வரவேண்டாம் என்று கூட்டத்தில் அறிவிப்பு. நன்றாக ஆடத் தெரிந்தவனும் எண் குறைந்தால் வெளியே. ரேங்க் வாங்கும் விடுதிப் பள்ளிகளுக்குப் பெயர்போன நாமக்கல் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இந்த வலி புதிதல்ல. பொதுத்தேர்வில் ரேங்க் பட்டியல் வெளியிடுவதைத் தமிழக அரசு 2017ல் நிறுத்தியது. பிளிஸார்ட் நேரெதிர். சராசரி ஐட்டம் லெவல் என்று தானே ஒரு எண்ணைத் திரையில் போட்டுவிட்டது.

2025ல்தான் பெரிய வெடி. மிட்நைட் என்ற விரிவாக்கத்திலிருந்து, சண்டை பற்றிய தகவலை ஆட்-ஆன்கள் கையாளுவதைக் கடுமையாகக் குறைப்பதாக பிளிஸார்ட் அறிவித்தது. வழியும் விசித்திரமானது. எதிரியின் உயிர் எவ்வளவு, எந்த மந்திரம் ஓடுகிறது போன்ற விவரங்கள் மூடிய டப்பாவில் வரும். டப்பாவைத் திரையில் எங்கே வேண்டுமானாலும், எந்தக் கலரில் வேண்டுமானாலும் வைக்கலாம். உள்ளே இருப்பதைப் பார்த்துக் கணக்குப் போட மட்டும் முடியாது. திரையில் எதை வேண்டுமானாலும் கட்டித்தரும் வீக்ஆராஸ் ஆட்-ஆன் குழு, இப்படியென்றால் மிட்நைட்டுக்குத் தங்களால் தர முடியாது என்று விலகியது. பலர் முறையிட்ட பிறகு சில தடைகளைக் கம்பெனி தளர்த்தவும் செய்தது.

கம்பெனி சொல்லும் நியாயத்தில் பாதி உண்மை. ஆட்-ஆன் இருக்கிறது என்பதால் சண்டையைக் கடினமாக்குவது, சண்டை கடினம் என்பதால் இன்னொரு ஆட்-ஆன் எழுதுவது என்று இருபது வருடமாகப் போட்டி நடந்தது. புதிதாக வருபவன் விளையாடுவதற்கு முன்னாலேயே பத்து ஆட்-ஆன் இறக்க வேண்டும் என்பது நல்ல ஆட்டத்துக்கு அடையாளமல்ல. ஆனால் வாங்குவதற்கு முன் கொடுக்க வேண்டாமா? காயக் கணக்கு, எச்சரிக்கை வரிசை, பட்டன் யோசனை சொல்லும் வசதி என்று கம்பெனி தன் பங்குக்குச் செய்தவை உண்டு. திரைப் பெட்டிகளை இழுத்து நகர்த்தும் வசதியே 2022ல்தான் கம்பெனி கையிலிருந்து வந்தது. ஆட்-ஆன்காரர்கள் அதை ஆரம்ப வருடங்களிலேயே செய்து முடித்துவிட்டார்கள்.

லாரி பக்கம் திரும்பினாலும் இதே கேள்விதான். கேபின் டிரைவருக்கு என்று பெருமை பேசிய ஊரிலும், பெரும்பாலான கேபின்கள் வெயிலில் அடுப்பாகத்தான் கொதித்தன. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும், 3.5 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வண்டிகளின் கேபினில் ஏசி கட்டாயம் என்று சட்டம் வந்த பிறகுதான் அந்தப் பக்கம் காற்று வீசுகிறது. ஆக, மேலேயிருந்து வரும் விதி எல்லாமே கெடுதல் என்று ஜல்லியடிக்க முடியாது. பட்டறைக்காரர் மறந்ததைச் சட்டம் நினைவில் வைத்திருக்கிறது. சட்டம் மறந்ததைப் பட்டறைக்காரர்.

அப்படி மறக்கப்பட்டவர்களுக்காக ஸ்கூ என்றொரு ஆட்-ஆன் உண்டு. பார்வை அறவே இல்லாதவர்களுக்கானது, இந்த விளையாட்டின் பழைய வடிவமான கிளாஸிக்கில் ஓடுவது. மெனுக்களைக் குரலில் படித்துக் காட்டும், ஒலியாலேயே வழி சொல்லும். திரையே இல்லாமல் ஒருவர் காட்டையும் மலையையும் கடந்து போய்ப் பணி முடித்துத் திரும்புகிறார். எந்தக் கம்பெனியின் கூட்ட அறையிலும் இது முதலில் தோன்றவில்லை, ஃபோல்டருக்குள் கோப்பு போட அனுமதி இருந்ததால் தோன்றியது. அடுத்த தடையை யோசிக்கும்போது ஏவிஆர் ஞாபகம் மட்டும் வராமல் ஸ்கூ ஞாபகமும் பிளிஸார்டுக்கு வருமா என்று அவர்களிடம்தான் கேட்க வேண்டும்.