மங்கும் ஒலியும் மறைக்கப்படும் காரணமும்
விளையாட்டுக்கென்றே பெரும்பொருள் கொடுத்து வாங்கிய மடிக்கணினியில், புளூடூத் ஹெட்செட்டின் வழியே இனிமையாக ஒலித்த சங்கீதம், தோழனோடு பேச மைக்கைத் திறந்த அந்த க்ஷணமே கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் மங்கிவிட, கருவி பழுதென்று கடைக்கு ஓடுவோர் அநேகர். பழுது கருவியில் இல்லை. பாட்டுக்கென ஏற்பட்ட ஏ2டிபி முறை ஸ்டீரியோ ஒலியை ஒருவழியாகவே அனுப்பும்; மைக்கும் வேண்டுமென்றவுடன், கணினி தொலைபேசிப் பேச்சுக்கென வகுத்த எச்எஃப்பி முறைக்கு மாற, விநாடிக்கு 44,100 ஆக இருந்த ஒலி மாதிரிகள் 16,000 ஆகவோ, பழைய கருவிகளில் 8,000 ஆகவோ சுருங்கிவிடுகின்றன. ஹெட்செட்டின் மைக்கை விடுத்து, மடிக்கணினியின் சொந்த மைக்கைத் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலும் பழைய இனிமை மீளும். புளூடூத் இயங்கும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸில் வைஃபையும் இயங்கினால், இரண்டும் மோதாதிருக்க வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுவது நலம். இவ்வளவு சிறிய உண்மையை, வாங்குவோரின் தாய்மொழியில், பெட்டியின் மேல் இரண்டு வரியாக அச்சிட உற்பத்தியாளர்களுக்கு என்ன தடை?