துவக்குக்கு வாரிசு உண்டு, காம்பிராவுக்கு?

யூடியூப்பில் இப்போ ஒரு வகை வீடியோ நல்லா ஓடுது. தாத்தா விட்டுட்டுப் போன பழைய வேட்டை ரைபிள் ஒன்று, துருப்பிடிச்சு, மரக்கட்டை வெடிச்சுக் கிடக்கும். பேரன் அதைப் பகுதி பகுதியாக் கழட்டுவார். துருவைச் சுரண்டி, கட்டைக்கு எண்ணெய் தேய்ச்சு, இரும்புக்குக் கருநீல மெருகு ஏத்தி, மேலே துளை போட்டு ஒரு தொலைநோக்கியைப் பூட்டுவார். கடைசியில் ஒரு அட்டையைக் குறிபார்த்துச் சுடுவார். பின்னால மெல்லிசா கிட்டார் வாசிக்கும்.

லிந்துலையில எங்க செட்டுப் பொடியன்களும் இதை விரும்பிப் பார்க்கிறாங்க. நானும் பார்ப்பேன். கைவேலை நல்லாத்தான் இருக்கு, அதில் பொய் இல்லை. கரிமருந்துக்குன்னு செஞ்ச பழைய குழலில் இன்றைய புகையில்லாத மருந்தை வைத்தால் அழுத்தம் தாங்காமல் குழலே வெடிக்கலாம் என்பதையே நான் அந்த மாதிரி வீடியோவில்தான் படிச்சேன். எனக்குக் கோபம் வர்றது அடுத்த கட்டத்தில். "எங்க வீட்லயும் இப்படி ஒரு பரம்பரைத் துவக்கு இருந்திருந்தா" என்று நம்ம பிள்ளைகள் பெருமூச்சு விடும்போது.

நம்ம வீட்ல ஏன் இல்லைன்னு கேட்டுப் பார்த்தீங்களா?

இந்த மலையில் வேட்டைத் துவக்கு தொங்கின இடம் துரை பங்களா. லயத்துச் சுவரில் தொங்கினது கொழுந்துக் கூடையும் கவ்வாத்துக் கத்தியும். மலையக வரலாறே சுவரில் எது தொங்கினதுங்கிறதில இருக்குன்னு சொன்னாலும் தப்பில்லை. லிந்துலையில இருந்து அக்கரப்பத்தனை, டயகம தாண்டி ஏறினா ஹோட்டன் சமவெளி. ஒரு காலத்தில் அங்கே யானை இருந்தது. இன்றைக்கு ஒன்றுகூட இல்லை. 1840களின் கடைசியில் நுவரெலியாவுக்கு வந்து குடியேறிய சாமுவேல் பேக்கர், இலங்கையில் தான் ஆடின வேட்டையையே ஒரு புத்தகமாக எழுதி 1854இல் வெளியிட்டார். நாய்களை ஏவி மரையைத் துரத்திப் போய், கத்தியால் குத்தி முடிப்பது அவருடைய பொழுதுபோக்கு. வெள்ளைக்காரர் மரையை 'எல்க்' என்று தப்பாகக் கூப்பிட்டாங்க. அந்தத் தப்பு எல்க் பிளேன்ஸ் என்று ஊர்ப் பெயராகவே இன்னும் நிற்குது.

பேக்கருக்காக பிரிஸ்டல் நகரத்து கிப்ஸ் என்ற துவக்குக்காரர் 1840இல் ஒரு ரைபிள் செய்து கொடுத்தார். எடை 21 இறாத்தல், குழல் நீளம் 36 அங்குலம். 21 இறாத்தல்னா ஏறக்குறைய ஒன்பதரைக் கிலோ. அதைத் தூக்கிக்கிட்டு இந்த மலையில ஏறினது யாருன்னு நினைக்கிறீங்க? வேட்டைக்காரன் முன்னால் நடப்பான், துவக்கும் மருந்தும் சமையல் சாமானும் கூலிகளின் தலையிலும் தோளிலும் பின்னால் வரும். 'பரம்பரைத் துவக்கு' என்று சொல்லும்போது அதைச் சுமந்தவனுக்கும் ஒரு பரம்பரை இருந்தது. அது நம்ம பரம்பரை.

இன்னொருத்தர் மேஜர் ரோஜர்ஸ். 1,400 யானைக்கு மேல் கொன்றதாகக் கணக்குச் சொல்வாங்க. 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கிச் செத்தார், கல்லறை நுவரெலியா கோல்ஃப் மைதானத்துப் பக்கம். (அந்தக் கல்லறையிலும் மின்னல் விழுந்ததாக ஊரில் ஒரு கதை உண்டு. சந்தோஷமாச் சொல்ற கதை.) இது ஒரு ஆள் பிடிச்ச பைத்தியமும் இல்லை. யானையைக் கொன்றால் அரசாங்கமே காசு கொடுத்தது. வடமாகாணத்தில் மட்டும் 1848க்கு முந்தின மூன்று வருடத்துக்குள் 3,500 யானைக்குப் பரிசுப்பணம் கொடுத்ததாக எமர்சன் டெனன்ட் எழுதி வைத்திருக்கிறார். காடு வெட்டிக் கோப்பி போட்ட காலம் அது. மிருகம் நின்ற நிலம் தோட்டமாச்சு, தோட்டத்துக்கு ஆள் வேணும்னு மன்னார்ப் பாதையில நம்மளை நடத்திக் கூட்டி வந்தாங்க. துவக்கும் கோடரியும் கங்காணியும் ஒரே வேலையின் மூணு கைகள்.

சரி, அது பழங்கதைன்னு விடுங்க. நம்மகிட்ட துவக்கு வந்த விதத்தைப் பார்ப்போம்.

1940 ஜனவரி 10. முல்லோயா தோட்டத்தில் சம்பள உயர்வு கேட்ட வேலைநிறுத்தம். பொலிஸ் சுட்டது. கோவிந்தன் செத்தார். 1977 மே 11. நமக்குப் பக்கத்திலேயே, டெவன் தோட்டம். நுவரெலியா மாவட்டத்தில் 7,000 ஏக்கர் தோட்டக் காணியை எடுத்துப் பங்கு போடப் பார்த்தாங்க, தொழிலாளிகள் எதிர்த்து நின்றாங்க. பொலிஸ் சுட்டது. சிவனு இலட்சுமணன் செத்தார். துவக்கு நம்ம குடும்பங்களுக்குள் வந்தது இப்படித்தான், குழல் பக்கம் நம்மைப் பார்த்தபடி. இலட்சுமணன் செத்தது காணிக்காக. மே மாதம் வந்தா படத்துக்கு மாலை போடுறோம், காணியைப் பற்றி மைக்கில் பேசுறோம், கலைஞ்சு போறோம்.

இப்ப சட்டத்துக்கு வாங்க. இலங்கையில் துவக்குக்கு 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இருக்கு. லைசன்ஸ் வருடா வருடம் புதுப்பிக்கணும். லைசன்ஸ்காரர் இறந்தால் வாரிசு விண்ணப்பம் போட்டு, அனுமதி கிடைத்தால் தன் பெயருக்கு மாற்றிக்கலாம். ஒழுங்கான ஏற்பாடுதான், குறை சொல்ல வரவில்லை. ஆனா நம்ம காம்பிராவுக்கு இப்படி ஒரு வழி எங்கே? நாலு தலைமுறை பிறந்து செத்த பத்துக்குப் பன்னிரண்டு அறை அது. காணி அரசாங்கத்துடையது. 1992இலிருந்து நடத்துறது கம்பனி. தாத்தா செத்தா மகன் இருக்கிறான், மகன் செத்தா பேரன் இருக்கிறான். 'இருக்கிறான்', அவ்வளவுதான். கையில் உறுதி இல்லை. 1948இல் குடியுரிமையையே பறிச்ச நாட்டில் உறுதிப் பத்திரம் எங்கிருந்து வரும்? 2023இல் மலையகம் 200 என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தோம். 200 வருடத்துக்குப் பிறகும் 7 பேர்ச்சா 10 பேர்ச்சா என்றுதான் பேரம். ஒரு இரும்புக் குழலுக்கு வாரிசு யாரென்று கேட்கத் தெரிந்த நாடு, ஒரு வீட்டுக்கு அதைக் கேட்க மாட்டேன் என்கிறது.

"அதெல்லாம் சரி, பன்றி வந்து மரக்கறித் தோட்டத்தைக் கிளறிட்டுப் போகுதே, அதுக்கு என்ன சொல்ற?" என்று ஒரு அண்ணன் கேட்டார். நியாயமான கேள்வி. லயத்துக்குப் பின்னால கால் பேர்ச்சில லீக்ஸும் உருளைக்கிழங்கும் போட்டு, ஒரே ராத்திரியில் எல்லாம் போனா வயிறு எரியும். ஆனா அந்த எரிச்சலுக்கு இங்கே கிடைத்திருக்கிற மருந்து என்ன? கட்டுத்துவக்கு. காட்டுப் பாதையில் நூலைக் கட்டிவிட்டால் தடுக்கினது எதுவானாலும் சுடும். அதுக்குப் பன்றியும் ஒன்றுதான், விறகு பொறுக்கப் போற அக்காவும் ஒன்றுதான். அடுத்த மருந்து கம்பிச் சுருக்கு. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் லக்ஷபான தோட்டத்தில் ஒரு கருஞ்சிறுத்தை அப்படிச் சுருக்கில் மாட்டியது. உயிரோடு மீட்டு உடவளவைக்குக் கொண்டு போனாங்க, மூன்று நாளில் செத்துப்போச்சு. இலங்கையில் கருஞ்சிறுத்தையைப் பார்த்தவங்களே கொஞ்சப் பேர். அதுக்குச் சுருக்கு வச்சவனைத் திட்டினோம், சரி. அவனுக்கு வேலி போட ஒரு துண்டு சொந்தக் காணி இருந்திருந்தா என்று யாரும் கேட்கவில்லை. கம்பனிக் காணியில் வேலி அடிக்கக்கூட அனுமதி வேணும். சுருக்கு வைக்க அனுமதி கேட்க வேண்டியதில்லை.

ஹோட்டன் சமவெளியில் இன்றைக்கு மரை மனுசனுக்குப் பயப்படாமல் நிக்குது. 1969இல் அதைப் பாதுகாப்பிடமாக்கி, 1988இல் தேசியப் பூங்காவாக்கினாங்க. துவக்கை வெளியே நிறுத்தினதும் மிருகம் திரும்பி வந்தது. அங்கே வேட்டைக்காரர் தங்கின ஃபார் இன் இப்போ பார்வையாளர் நிலையம். இது நடக்கக்கூடிய காரியம்தான். ஆனா நுவரெலியா ஹில் கிளப் சுவரில் மிருகத் தலைகள் இன்னும் தொங்குது. துரை பங்களாக்கள் ஹோட்டலாகி, 'பாரம்பரியம்' என்று சொல்லி ஒரு ராத்திரிக்கு நம்ம மாசச் சம்பளத்தை வாங்குது. தலைக்குக் கீழே யார் சுட்டார்னு பித்தளையில் பெயர் போடுற வழக்கம் உண்டு. மிருகத்தை விரட்டிக் கொடுத்தவன் பெயரை எந்தச் சுவரிலும் நான் பார்த்ததில்லை.

அதனால தம்பிமாரே, தங்கச்சிமாரே, துரு எடுக்கிற வீடியோவைப் பாருங்க, கைவேலையைப் படிச்சுக்கோங்க. ஆனா அந்தத் துவக்கை நம்ம தாத்தாவின் கையில் வைத்துக் கற்பனை பண்ணாதீங்க. அவர் கை வேற வேலையில் இருந்தது. பழசு எதையாவது தூசி தட்டணும்னா வீட்ல தகரப் பெட்டியைத் திறங்க. செக்ரோல் இலக்கம், பிரஜாவுரிமைக் கடிதம், தோட்டத்து ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்த பிறப்புத் துண்டு எல்லாம் அதில் கிடக்கும். அதையெல்லாம் படம் எடுத்துப் பத்திரப்படுத்துங்க. அடுத்த தடவை 7 பேர்ச் படிவத்தோட யாராவது லயத்துக்கு வந்தா, உறுதி எந்தத் திகதியில் யார் பெயரில் வரும்னு எழுத்தில் கேளுங்க.