நல்ல தொழிலாளி யார்?

“நேரத்துக்கு வா, சிரித்த முகத்துடன் இரு, சொன்னதைச் செய், குறை சொல்லாதே, நீயும் மேலே வரலாம்!” ஆலை வாசலில் இப்படி எழுதிப் போடுகிறார்கள். பயிற்சி என்று கூட்டி வைத்து, கோட்டுப் போட்ட கனவான் ஒருவரைக் கொண்டு உபதேசமும் செய்கிறார்கள். கேட்டு வந்த இளைஞர்கள் சிலர், “இதில் என்ன தப்பு தோழர்?” என்கிறார்கள். நியாயமான கேள்வி. பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

இந்த உபதேசத்துக்கு ஒரு குலகுரு உண்டு. அமெரிக்க எஞ்சினீயர் பிரடரிக் டெய்லர். பெத்லஹேம் உருக்காலையில் இரும்புக் கட்டி சுமந்த ஒரு கூலியாளுக்கு ஷ்மிட் என்று பெயர் வைத்து, 1911-ல் வெளியான தம் புத்தகத்தில் அவன் கதையைப் பெருமையோடு சொல்கிறார். நாளொன்றுக்கு 12½ டன் சுமந்த இடத்தில் 47½ டன் சுமக்க வைத்தாராம். கூலி? 1 டாலர் 15 சென்ட் இருந்தது 1 டாலர் 85 சென்ட் ஆயிற்று. கணக்குப் போட்டுப் பாருங்கள், தோழர்களே! வேலை ஏறக்குறைய நாலு மடங்கு. கூலி இரண்டு மடங்கு கூட இல்லை. அவனிடம் டெய்லர் கண்ட சிறப்பு என்ன? எடு என்றால் எடுத்தான், உட்கார் என்றால் உட்கார்ந்தான், எதிர்ப்பேச்சுப் பேசவில்லை.

தஞ்சைச் சீமைப் பண்ணைகளில் இதற்குப் புத்தகம் கூடத் தேவைப்படவில்லை. சவுக்கும் சாணிப்பாலும் போதுமாயிருந்தன. விடியுமுன் வயலில் நின்று, கூலி நெல் அளக்கையில் வாய் திறவாதவனே அங்கே ‘நல்ல ஆள்’.

ஆனால் நம்மவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்; சிலருக்குக் கோபம் வரலாம். முதலாளி சொல்கிறான் என்பதற்காக, நேரத்துக்கு வருவது கெட்ட பழக்கமாகி விடாது. ஷிப்டு மாற்ற வேண்டியவன் அரைமணி தாமதித்தால், இரவெல்லாம் மிஷின் முன் நின்ற தோழன்தான் இன்னும் அரைமணி நிற்கிறான். குடித்துவிட்டு வருகிறவன் தன் கையோடு பக்கத்துத் தோழன் கையையும் பணயம் வைக்கிறான். நடவில் முடியாதவளுக்காகப் பக்கத்திலிருப்பவள் சேர்த்து நடுவது தர்மம். வேண்டுமென்றே பின்தங்குகிறவளுக்காக அவள் ஏன் இடுப்பொடிய வேண்டும்? சங்கம் இருக்கிறது என்ற தைரியத்தில் வேலையைப் போட்டுவிட்டுப் போனவனுக்காக நிர்வாகத்திடம் வாதாடப் போய், தலைகுனிந்து திரும்பிய அனுபவம் நமக்கு உண்டு.

இனி, கோட்டுக் கனவான் சொல்லித் தராத பழக்கங்கள். சம்பளச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். கூடுதல் நேரம் வேலை செய்தால் அன்றே நோட்டில் குறியுங்கள். வயல் வேலைக்குப் போகிறவர்களும் நாள் கணக்கை ஏஜெண்டின் ஞாபகத்தை நம்பி விடாதீர்கள். சார்ஜ் ஷீட் வந்தால் கோபத்தில் கிழிக்காமல் அன்றே சங்கத்துக்குக் கொண்டு வாருங்கள். வாசிக்காமல் எதிலும் கையெழுத்திடாதீர்கள். வெள்ளைத் தாளிலோ ஒருபோதும் கூடாது. நமக்குத் தெரிந்த ஒரு தொழிலாளி பதினேழு வருஷம் ‘நல்லவன்’ என்று பெயர் வாங்கினார். சம்பள முன்பணம் கேட்டபோது வெற்றுத்தாளில் வாங்கிய கையெழுத்து, ஆட்குறைப்பு வந்ததும் ராஜினாமாக் கடிதமாக முளைத்தது!

எது குற்றம், என்ன தண்டனை என்பதையெல்லாம் எழுதி, பெரும்பாலான தொழிலாளருக்குப் புரியும் மொழியில் ஆலை வாசலில் ஒட்ட வேண்டும் என்றது 1946-ஆம் வருஷ நிலையாணைச் சட்டம். 100 பேர் வேலை செய்தாலே அது பொருந்தியது. 2020-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு அந்த 100-ஐ 300 ஆக்கியது. நமக்கு ஓயாமல் ஒழுக்கம் போதிப்பவர்களுக்கு, தங்களையும் கட்டுப்படுத்தும் விதியை எழுதி ஒட்ட மட்டும் ஏன் இத்தனை கசப்பு?

அடுத்த ஷிப்டுக்குப் போகையில் வாசல் பலகையைப் பாருங்கள். உபதேசம் மட்டும் தொங்கினால், நிலையாணை எங்கே என்று சங்கத்தின் பேரில் எழுத்து மூலம் கேளுங்கள். கடிதத்தில் தேதி போட்டு, நகலில் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கிக் கொள்ளுங்கள்.